ஏழாம் கேள்விக்கு நான் எழுதிய பதில்

இதை எழுதிவிட வேண்டும் என்று முதல்முறை நினைத்தபோது என் மூத்த மகளுக்குக் கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மைகூடக் கொடுத்திருக்கவில்லை. இப்போது அவள் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம். இடையில் எத்தனையோ நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தின் தலையில் சிலுவை போடுவேன், இரண்டு வரி எழுதுவேன், கை நின்றுவிடும். அந்த நோட்டு பிறகு பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைக்குள் போய்விடும். என் மைத்துனன், அதாவது என் மனைவியின் தம்பி, உயிரோடு இருந்தவரை பயத்தில் எழுதவில்லை. அவன் போன பிறகு வெட்கத்தில் எழுதவில்லை. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில், போன வருஷம், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு இதை மறுபடியும் சொன்னேன். உள்ளேயிருந்த சாமியார், வயதில் சின்னவர், "இதுக்கு மன்னிப்பு எப்பவோ ஆயிருக்குமே பெரியவரே. ஆனா கேக்க வேண்டியவங்க காதுல இது இன்னும் விழலையே" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவனில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தோற்று, மறுமுறை எழுதித் தேறினேன். என்னிடம் இருந்த ஒரே நல்ல சாமான் என் கையெழுத்து. அச்சு மாதிரி இருக்கும். எங்கள் கடற்கரைப் பகுதியான திரேஸ்புரத்தில் மனு எழுத, வெளிநாட்டுக் கப்பலில் போனவனுக்குக் கடுதாசி எழுத, கல்லறைக் கல்லில் வெட்டுவதற்கு மாதிரி எழுத என்று எதற்கும் என்னைத்தான் தேடி வருவார்கள். அந்தக் கையெழுத்துதான் இந்தக் கேட்டையும் செய்தது.

எழுபதுகளில் எங்கள் ஊரில் புதுத் துறைமுகம்தான் பேச்சு. கடலுக்குள் கொட்டுவதற்கு லாரி லாரியாகக் கல் போகும். ஒவ்வொரு லாரியையும் எங்கள் ஆட்கள் சப்பரத்தைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். முத்துக்குளிப்பு நின்று வெகுநாள் ஆகியிருந்தது. சங்கு குளிப்பது பருவத்துக்கு மட்டும். தோணிகளிலும் ஆள் குறைத்துவிட்டார்கள். ஆகவே கப்பல் வரும், வேலை வரும் என்று எல்லா வீட்டிலும் காத்துக்கொண்டிருந்தோம். வேலைவாய்ப்பு ஆபீஸில் பதிந்து வாங்கிய கார்டை திரு இருதயப் படத்துக்குப் பின்னால், குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையோடு சேர்த்துச் செருகி வைப்போம். எங்கள் வீட்டுப் படத்துக்குப் பின்னால் இரண்டு கார்டு இருந்தது. ஒன்று என்னுடையது. ஒன்று மைத்துனனுடையது. பெற்றோர் இல்லாததால் அவன் எங்களோடுதான் இருந்தான்.

அந்தச் சமயத்தில் வேலையில்லாதவர்களுக்கு என்று அரசாங்கத்தில் ஒரு பயிற்சி தொடங்கினார்கள். ஆறு மாதம். விசைப்படகு இன்ஜின் பழுது பார்ப்பது, கப்பலில் சரக்குத் தூக்கும் வின்ச்சை ஓட்டுவது. இருவரும் சேர்ந்தோம். எனக்கு இன்ஜின் என்றால் பயம். அது உறுமினாலே இரண்டு அடி பின்னால் போய்விடுவேன். அவனோ அதன் பக்கத்தில் காதை வைத்து, கண்ணை மூடி, "அத்தான், இதுக்கு மூச்சு எறைக்கி" என்பான். கழற்றிப் பார்த்தால் அவன் சொன்ன இடத்தில்தான் கோளாறு இருக்கும். சொல்லிக்கொடுத்த மெக்கானிக்கே ஒருநாள், "ஏலே, நீ எனக்குச் சொல்லித் தாரியா, நான் ஒனக்குச் சொல்லித் தாரேனா?" என்று சிரித்தார்.

பயிற்சி முடிந்து சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். என் மனைவி இரண்டையும் கண்ணாடி போட்டு மாட்டினாள். அதற்குப் பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. ஒரு வருஷம் ஓடிவிட்டது.

அவனுக்கு அந்த வேலை எதற்காக வேண்டியிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பக்கத்துத் தெருவில் தோணிக்குத் தலைவரான தண்டல் ஒருவரின் மகளைப் பேசி வைத்திருந்தோம். இரண்டு பேருக்கும் மனசு இருந்தது. தண்டல் நல்ல மனுஷன்தான், ஆனால் கடலில் பட்டவர். "கடலை நம்பி நான் பொண்ணு குடுக்க மாட்டேன். துறைமுகத்து ஆர்டர் கையில வரட்டும், மறு ஞாயித்துக்கிழமயே ஓலை வாசிக்கச் சொல்லுதேன்" என்று எங்கள் வீட்டு வாசலில் நின்றே சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் மாப்பிள்ளை பொண்ணு பேரை வாசித்து, யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லச் சொல்லுவார். அதைத்தான் எங்கள் பக்கம் ஓலை வாசிப்பது என்போம். மைத்துனன் அந்த ஓலைக்காகத்தான் காத்திருந்தான். வேலைவாய்ப்பு ஆபீஸில் அவன் பதிந்து வருஷம் பல ஆகியிருந்ததால் வரிசையில் மேலே வந்திருந்தான். அடுத்து துறைமுகத்துக்கு ஆள் கேட்டால் அவன் பேர் கட்டாயம் போகும் என்று அங்கிருந்த குமாஸ்தாவே சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு அவன் ஒரு நேர்ச்சை நேர்ந்தான். கோயிலில் ஒரு பழைய ஜெனரேட்டர் துருப்பிடித்துக் கிடந்தது. அதைச் சரிசெய்து, கொடியேற்றத்திலிருந்து சப்பரம் வரை பத்து நாளும் தானே விளக்குப் போடுகிறேன், ஒரு டீகூடக் கோயில் செலவில் குடிக்க மாட்டேன், மாதாவே, எனக்கு வேலை வாங்கித் தா என்பது நேர்ச்சை. திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பே அதைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அதே சமயத்தில்தான் எனக்கு ஒரு தற்காலிக வேலை வந்தது. பயிற்சி எடுத்தவர்களுக்கு வேலை கிடைத்ததா, பயிற்சியால் பிரயோசனம் உண்டா என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். மெட்ராஸிலிருந்து ஒரு ஆபீசர் வந்து வாடகைக் கட்டிடத்தில் ஒரு அறை போட்டிருந்தார். ஒல்லியான மனுஷர், தன்மையானவர். கொதித்த தண்ணீரைத் தவிர வேறு குடிக்க மாட்டார். பயிற்சி எடுத்தவர்களின் பட்டியலோடு இருந்த என் மனுவைப் பார்த்து, கையெழுத்துக்காகவே என்னைக் கூப்பிட்டார். மூன்று மாதம். தாள் கட்டைக் கையில் கொடுத்து முதல் நாளே சொன்னார்: "வேலையில இருக்கிறவங்க பேரை நாம வேலைவாய்ப்பு ஆபீஸுக்கு அனுப்புவோம். அவங்க பட்டியல்லேர்ந்து எடுத்துருவாங்க. அப்பதான் இல்லாதவங்களுக்குச் சீக்கிரம் வரும்."

இது என் காதில் நன்றாக விழுந்தது. விழவில்லை என்று எழுதினால் இந்த நோட்டையும் கிழித்துப் போட வேண்டியதுதான்.

தாளில் ஏழாவது கேள்வி இதுதான்: சென்ற ஏழு நாளில் ஒரு நாளாவது வேலை செய்தாரா? ஆம் என்றால், என்ன வேலை, கூலி உண்டா, பயிற்சியில் கற்றதோடு தொடர்பு உண்டா?

தெருவில் இறங்கினேன். இரண்டே நாளில் எனக்கு "எண்ணிக்க அண்ணாச்சி" என்று பேர் வைத்துவிட்டார்கள். மீன் கூறு போட்டுக்கொண்டிருந்த ஒரு அக்கா, நான் வருவதைப் பார்த்ததும் உரக்கச் சொன்னாள்: "ஏளா, வாராரு பாரு. எங்க வீட்டு ஆம்பளைய எண்ணிட்டுப் போறீரே, எண்ணி முடிச்சா வேலை தருவீரா, இல்ல எண்ணுறதுதான் வேலையா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் புருஷன் எங்களோடு பயிற்சி எடுத்தவன்தான், பின்னால் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான். "ஐஸ் ஒடைக்கேன்னு எழுதும் அண்ணாச்சி. அந்தக் கண்ணாடி போட்ட சர்ட்டிபிகேட்டத் தூக்கிட்டு வரவா? ஐஸ் மேல மூடி வைக்கலாம், சீக்கிரம் உருகாது" என்றான். ஏழு நாளில் ஒரு நாள் ஐஸ் உடைத்திருந்தான். ஆம் என்று எழுதினேன்.

ஒருவன் உண்மையாகவே நல்ல வேலையில் இருந்தான். லாஞ்சு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். ஆனால் அது அவன் தாய்மாமனின் ஒர்க்‌ஷாப். "பயிற்சிக்கு முன்னாலயும் இங்கனதான இருந்தேன். ஆறு மாசம் அங்க வந்ததுதான் அண்ணாச்சி எனக்கு லீவு" என்றான். அதற்கும் ஆம். தொடர்பு உண்டா? உண்டு. இன்னொருவன் ஊரிலேயே இல்லை. தோணியில் கொழும்புக்குப் போயிருந்தான். அவன் அப்பனும் அண்ணனும் போன அதே தோணி. அதற்கும் ஆம். இந்தப் பயிற்சி இல்லாமல் போயிருந்தால் இவன் என்ன ஆகியிருப்பான் என்று அந்தத் தாளில் எங்கேயும் கேட்டிருக்கவில்லை. இடமும் விட்டிருக்கவில்லை. எனக்கு அப்போதே அது உறுத்தியது. ஆனால் நான் தற்காலிகம். தாளில் இல்லாததைக் கேட்க நான் யார்?

ஒருநாள் ஆபீசர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "நீங்களும் பயிற்சி எடுத்தவர்தானே? உங்களுக்கும் ஒரு தாள் போடுங்க" என்றார்.

"என்ன வேலைன்னு எழுத சார்?"

"இதுதான். கணக்கெடுப்பு."

"இன்ஜின் படிச்சதுக்கும் இதுக்கும் தொடர்பு உண்டுன்னு எழுதவா?"

அவர் யோசித்தார். "அந்தப் பட்டியல்ல பேர் இருந்ததாலதானே உங்களைக் கூப்பிட்டேன்? எழுதுங்க, உண்டு."

பயிற்சியால் வேலை கிடைத்தவர்களில் நானும் ஒருவன் ஆனேன்.

கொடியேற்றிய பிறகு வேலை சுலபமாகிவிட்டது. திருவிழா வாரத்தில் எங்கள் தெருக்களில் சும்மா இருக்கிற ஆளே கிடையாது. ஒருவன் சப்பரத்துக்குப் பெயிண்ட் அடிப்பான், ஒருவன் பந்தல் போடுவான், ஒருவன் தோரணம் கட்டுவான். முக்கால்வாசி நேர்ச்சை, கையில் ஒன்றும் வராது. ஆனால் "வேலை செஞ்சியா" என்று கேட்டால் ஒருவனும் இல்லை என்று சொல்ல மாட்டான். மாதாவுக்குச் செய்ததை வேலை இல்லை என்று எப்படிச் சொல்வது? கேட்கிற எனக்கும் அது தேவதூஷணம் மாதிரிதான் பட்டது. ஆம், ஆம், ஆம் என்று போட்டுக்கொண்டே போனேன். ஊர் முழுக்க வேலையில் இருந்தது.

நான்காம் திருநாளா ஐந்தாம் திருநாளா, மதியம். மைத்துனனின் தாளை எடுத்துக்கொண்டு கோயில் பின்பக்கம் போனேன். முழங்கை வரை கறுப்பாக, இன்ஜினுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான்.

"ஏலே, ஏழு நாளுல ஒரு நாளாவது வேலை செஞ்சியா?"

"என்ன அத்தான், கண்ணு முன்னால தெரியலையாக்கும்? மூணு வாரமா இந்தச் சனியன் கூட மல்லுக்கட்டுதேன்." உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு நெற்றியில் சிலுவை போட்டான். நெற்றியில் எண்ணெய் அப்பியது. "கோயில் இன்ஜினப் போயி சனியன்னுட்டேன், மாதாவே."

"கூலி உண்டான்னு போட்டிருக்குலே."

கொடிமரத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். "தராம விட்டுருவாளா அத்தான்?"

நானும் சிரித்தேன். அவன் முன்னாலேயே எழுதினேன். என்ன வேலை? ஜெனரேட்டர் மெக்கானிக். தொடர்பு? உண்டு. கூலி என்ற இடத்தை மட்டும் விட்டு வைத்தேன். அவன் எட்டிப் பார்த்து, "ஜெனரேட்டர் மெக்கானிக்! கேக்கதுக்கு நல்லாத்தான் இருக்கு. தண்டல் மாமாட்டயும் இதப் படிச்சுக் காட்டுங்க" என்றான்.

சாயங்காலம் ஆபீசர் தாள்களைப் புரட்டினார். அவன் தாளில் நின்றார்.

"கோயில் வேலையா? கூலி எழுதலியே. கூலி உண்டா?"

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இத்தனை வருஷமும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சார், இது நேர்ச்சை. வேலை வேண்டும் என்று கேட்டுச் செய்கிறான். இவனுக்கு வேலை இல்லை. இவ்வளவுதான். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகாது.

"உண்டு சார்" என்றேன்.

ஏன் சொன்னேன்? ஒரு பாதி விசுவாசம். மாதா கூலி தரவில்லை என்று ஒரு அந்நியரிடம் என் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. மறுபாதியையும் எழுதுகிறேன். அதற்கு முந்தின நாள்தான் அவர், "முடிவு நல்லா வந்தா பயிற்சி மறுபடி நடக்கும். உங்களுக்கும் இன்னும் ஆறு மாசம் நீட்டிக்கச் சொல்லலாம்" என்றிருந்தார். ஆம் கூடக்கூட முடிவு நல்லதாகும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. பட்டியலிலிருந்து பேரை எடுப்பார்களே என்ற நினைவும் வந்தது. வரத்தான் செய்தது. இந்த ஒரு தாளுக்காக யார் போய்த் தேடி எடுக்கப் போகிறார்கள் என்று அதை அமுக்கிவிட்டேன். நான் விட்டு வைத்த இடத்தை அவர் என் பேனாவாலேயே நிரப்பச் சொன்னார். அழகாக எழுதினேன்.

சப்பரம் அன்று ஒரு விளக்குகூட அணையவில்லை. மைத்துனன் இன்ஜின் பக்கத்தில் நின்று மாதாவைப் பார்த்து அழுதான்.

ஒரு மாதம் கழித்து, பயிற்சி எடுத்தவர்கள் எல்லாரையும் பள்ளிக்கூடக் கூடம் ஒன்றுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தோம். பயிற்சி பெற்றவர்களில் பெரும்பாலோர் இப்போது வேலையில் இருக்கிறார்கள், திட்டம் வெற்றி என்று அவர் வாசித்தார். முன்வரிசையில் கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம். ஐஸ் உடைக்கிறவன் தட்டினான். மைத்துனன் தட்டிக்கொண்டே என் பக்கம் சாய்ந்து, "அத்தான், யாரச் சொல்லுதாரு? நம்மளயா?" என்று கேட்டான். "பேசாம இருலே" என்றேன்.

என் வேலையும் நீளவில்லை. திட்டம் வெற்றி என்று ஆனபின் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? ஆபீசர் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு ரயிலேறினார். நான் ஒரு உப்புக் கம்பெனியில் பில் எழுதப் போனேன்.

அந்த வருஷக் கடைசியில் துறைமுகத்துக்கு வின்ச் ஓட்ட ஆள் எடுத்தார்கள். எங்கெங்கோ ஊர்க்காரர்களுக்கெல்லாம் இன்டர்வியூ கார்டு வந்ததாகக் கேள்விப்பட்டோம். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மைத்துனன் தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்குச் சைக்கிள் மணி கேட்கிற தூரத்தில் நிற்பான். இரண்டு வாரம் பார்த்துவிட்டு வேலைவாய்ப்பு ஆபீஸுக்குப் போனான். நானும் கூடப் போனேன்.

பழைய குமாஸ்தா மாறிப் போயிருந்தார். புதியவர் பெரிய லெட்ஜரைப் புரட்டி, ஒரு சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தார். "உம்ம பேரு எடுத்தாச்சே. வேலையில இருக்கீரே."

"நானா சார்? எனக்கு எங்கன வேலை?"

"ஜெனரேட்டர் மெக்கானிக்னு வந்திருக்கு. கூலி உண்டுன்னும் இருக்கு. நாங்களா எழுதுனோம்?"

மைத்துனன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்குத் தோன்றவே இல்லை. நான் எழுதிய தாள் மெட்ராஸுக்குப் போகிறது என்றுதான் அவனுக்குத் தெரியும், இங்கே வரும் என்று தெரியாது. கூலி என்ற இடம் வெறுமையாக இருந்ததைத்தான் அவன் பார்த்திருந்தான். "யாரோ வேற ஆளு பேரோட மாறிப் போச்சு சார்" என்று கெஞ்சினான். நான் பக்கத்தில் நின்றேன். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது வாயைத் திறந்திருந்தால்கூட ஒரு மனு எழுதி, கோயில் சாமியாரிடம் கையெழுத்து வாங்கி, எதையாவது செய்திருக்கலாம். எத்தனை பேருக்கு மனு எழுதியவன் நான்.

"புதுசாப் பதிஞ்சுக்கிடும். வரிசை கடைசியிலேர்ந்துதான்" என்றார் அவர்.

அவன் பழைய கார்டைக் கொடுத்துவிட்டுப் புது கார்டு வாங்கினான். அதைப் படத்துக்குப் பின்னால் செருகியவள் என் மனைவி. அந்தக் கார்டின் வரிசை மேலே ஏறுவதற்குள் அரசாங்க வேலைக்கான வயது வரம்பை அவன் தாண்டிவிட்டான்.

தண்டல் ஒரு வருஷம் பொறுத்தார். அதற்கு மேல் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு ஞாயிறு, இரண்டாம் பூசை. நானும் மனைவியும் பிள்ளைகளும் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பிரிந்து உட்கார்ந்திருந்தோம். மைத்துனன் எனக்குப் பக்கத்தில். பிரசங்கம் முடிந்து சாமியார் ஓலை வாசித்தார். முதல் ஓலை. தண்டல் மகளின் பேரை வாசித்து, கூட வேறொருவன் பேரை வாசித்தார். எங்களுக்கு முன்பே தெரிந்ததுதான். "இவர்கள் கலியாணத்துக்குத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் அதை அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று சாமியார் எப்போதும் சொல்வதைச் சொன்னார்.

எத்தனையோ ஓலை கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்த வார்த்தை என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. இந்தக் கலியாணத்துக்குத் தடை கிடையாது. நடக்க வேண்டியிருந்த இன்னொரு கலியாணத்துக்குத் தடை இருந்தது, அது என் கையெழுத்தில் இருந்தது. எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று கால் துடித்தது. விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லாரும் எழுந்தார்கள். அவர்களோடு எழுந்தேன், அவர்களோடு உட்கார்ந்தேன்.

மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறு அவன் பூசைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் வரவில்லை.

என் மனைவி கெஞ்சிப் பார்த்தாள். "ஏலே தம்பி, பாஸ்காத் திருநாள் பூசைக்காவது வால." அவன் கோபப்பட மாட்டான். சாந்தமாகச் சொல்வான்: "நான் கேட்டேன் அக்கா. பத்து நாளும் ஒரு வெளக்கு அணையாமப் பாத்துக்கிட்டேன். மாதா என் மொகத்தப் பாக்கவே இல்ல. பொறவு நான் எதுக்கு அங்கன வரணும்?" நான் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பேன். மாதா பார்க்காமல் இல்லையடா, அவள் கொடுக்க இருந்ததை நான் இடையில் எழுதிக் கெடுத்தேன் என்று சொல்ல வாயெடுப்பேன். சோற்றோடு விழுங்கிவிடுவேன். சொன்னால் அவன் வீட்டைவிட்டுப் போய்விடுவான், மனைவி என்னைப் பார்க்க மாட்டாள் என்ற பயம். சொல்லாததால் அவன் மாதாவை விட்டான். எனக்கு அந்தப் பேரம் சம்மதமாயிருந்தது.

உப்பளத்தில் வாரு பலகை பிடித்து உப்பு வாரப் போனான். இன்ஜினுக்குப் பிறந்த கை. உப்பு வெள்ளையில் கண் மங்கியது. கல்யாணம் செய்யவில்லை. அந்தப் பயிற்சி பிறகும் நடந்தது, வெற்றி பெற்ற திட்டம் அல்லவா. புதிது புதிதாகப் பையன்கள் சர்ட்டிபிகேட் வாங்கிக் கண்ணாடி போட்டார்கள். அவர்களில் யாருக்கு எது கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. யாராவது வேறொருவர் வீடு வீடாகப் போய் அழகான கையெழுத்தில் எழுதியிருப்பார்.

கடைசியில் அவனுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். சாமியாரைக் கூட்டி வரவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினான். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் இருவரும் மட்டும்தான் இருந்தோம். சன்னலுக்கு வெளியே ஏதோ ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மங்கிய கண்ணை மூடிக்கொண்டு அதைக் காது கொடுத்துக் கேட்டான். "அத்தான், அதுக்கு மூச்சு எறைக்கி" என்றான். நான் ஆமாம்லே என்றேன். அவ்வளவுதான் பேசினேன். மறுநாள் காலை, சாகிறவர்களுக்குச் சாமியார் எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதல் பெறாமலே போய்விட்டான்.

அடக்கத்துக்கு ஜெபம் சொல்லச் சாமியார் வந்தார், அது அவர் பெருந்தன்மை. குழியில் மண் போடும்போது பின்னால் யாரோ ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "மாதா கைவிட்ட பய." அந்த வார்த்தைதான் என்னை இன்றுவரை தூங்கவிடாத வார்த்தை. எங்கள் தெருவில் இன்றும் சிலர் அப்படித்தான் சொல்லுகிறார்கள்.

திட்டங்களால் பிரயோசனம் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அறிவு கிடையாது. படித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்தது ஒரு தாள். அதைப் பார்த்துத்தான் அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள், அது பொய்.

இதைப் படிக்கிறவர்கள் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். திரேஸ்புரத்தில் யாரையாவது தெரிந்தால் அவர்களுக்கு முதலில் சொல்லுங்கள். ஆனால் சொல்லும்போது என்மேல் இரக்கப்பட்டு, பாவம் தெரியாமல் எழுதிவிட்டார் என்றோ, பக்தியில் எழுதிவிட்டார் என்றோ ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம். அவனைப் பற்றி ஒன்றும் குறைக்கவும் வேண்டாம். நீங்கள் என்னைக் கொஞ்சம் நல்லவனாக்கினால் அந்தப் பழி மறுபடியும் போய் மாதாவின் காலடியில்தான் விழும். பத்து நாளும் விளக்கு அணையவில்லை. அவனுக்கு வேலை இல்லை. உண்டு என்று எழுதியது நான். இந்த வரிசையில், இப்படியே சொல்லுங்கள்.